நெய்க்குள் தேங்காய்

கிண்ணியாவிலிருந்து அந்தப் பெண் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்த அன்று காலையிலிருந்தே கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஆவணி மாத வெயில். துறைமுகப் பக்கத்து யன்னலைத் திறந்துவைத்தாலும் காற்று வரவில்லை, தூசிதான் வந்தது. ஒரு காட்போட் மட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். அவர் கதவடியில் நின்று, "நெய் பாக்கிற இடம் இதானே?" என்று கேட்டார்.

நாங்கள் நெய் மட்டும் பார்க்கிறவர்கள் அல்ல. கப்பலில் வந்து இறங்கும் சமையல் எண்ணெய், மீன் எண்ணெய், நல்லெண்ணெய், மாஜரின் என்று கொழுப்புள்ள எதையும் பார்ப்போம். ஆனாலும் "ஓம், உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கதிரையில் இருந்ததும் பையைத் திறந்து இரண்டு போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தார். பெரியது பரிசோதனைக்கு. சின்னது எனக்காம்.

"எனக்கு என்னத்துக்கு அக்கா?"

"அக்கா எண்டு சொல்லாதீங்க மிஸ், எங்கட ஆக்கள் மாதிரி ராத்தா எண்டு கூப்பிடுங்க. சோத்துல போட்டுச் சாப்பிடத்தான். வேற என்னத்துக்கு?"

ராத்தாவின் கணவரிடம் எருமைப் பட்டி இருந்தது. அவர் கறப்பார், இவர் தயிராக்கிக் கடைந்து நெய் உருக்குவார். நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றுக்கு இரண்டு வருடமாக நெய் கொடுத்துவந்தார். போன கிழமை அங்குள்ள சமையல் பொறுப்பாளர் ஒரு போத்தலைத் திறந்து மணந்துபார்த்து, தேங்காய் எண்ணெய் கலந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். நெய்யைக் கொண்டுவந்து இறக்கிய ஓட்டோக்காரர் கிண்ணியாக்காரர். நெய்யோடு கதையையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"கலியாண வீடுகளுக்கு எங்கட நெய்தான் எடுப்பாங்க மிஸ். இப்ப ஆக்கள் வந்து மூடியத் திறந்து மணந்து பாக்குறாங்க. பாத்திட்டு ஒண்டும் சொல்லாம மூடுறாங்க. வாயத் திறந்து கேட்டா நானும் பதில் சொல்லுவன்தானே. கேக்கிறாங்க இல்லையே."

அதனால் அவருக்கு ஒரு காகிதம் வேண்டும். இது சுத்த நெய் என்று எழுதிய, முத்திரை குத்திய ஒரு காகிதம். படிவத்தை நிரப்பினேன். "ஏதாவது கலந்தீங்களா?" என்று படிவத்தில் இல்லை, நான்தான் கேட்டேன்.

"அல்லாவாண, ஒண்டும் கலக்கல்ல."

அவர் போன பிறகு வேலையைத் தொடங்கினேன். கொழுப்பு என்பது பார்க்கத்தான் ஒரு பொருள். உள்ளே ஒவ்வொரு மூலக்கூறிலும் கிளிசரோல் என்ற சின்னத் தண்டு ஒன்று, அதில் தொங்கும் மூன்று கொழுப்பமிலங்கள். எங்கள் முறையில் முதலில் அந்த மூன்றையும் தண்டிலிருந்து கழற்றி, ஆவியாகக்கூடியதாக மாற்றி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்துக் குப்பியில் எடுப்போம். அதில் ஒரு சொட்டை இயந்திரத்துக்குள் ஊசியால் ஏற்றினால், நூல் போல மெல்லிய, சுருட்டிவைத்த நீளக் குழாய்க்குள் வாயு அதைத் தள்ளிக்கொண்டு போகும். கார்பன் குறைந்த குட்டையான அமிலங்கள் முந்தி வெளியே வரும், நெட்டையானவை பிந்தும். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது திரையில் ஒரு முனை எழும்பி இறங்கும். எந்த முனை எவ்வளவு உயரம் என்பதை வைத்து இது எருமை நெய்யா, தேங்காய் எண்ணெய்யா, பாம் எண்ணெய்யா என்று சொல்லலாம். சொல்லலாம் என்றுதான் படித்தனான்.

மாதிரியைக் குப்பிகளில் எடுத்துவைத்ததும் கரண்ட் திரும்பவும் போனது. இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். கரண்ட் வந்த பின் ஏற்றினேன்.

பன்னிரண்டு கார்பன் உள்ள லோரிக் அமிலம், தேங்காயில் நிறைந்திருப்பது. நெய்யில் அது கொஞ்சமாகத்தான் இருக்கவேண்டும். திரையில் அது எழும்பியது, எழும்பியது, நின்றபாடில்லை. அதற்கு அடுத்த பதினான்கு கார்பன் அமிலமும் உயர்ந்திருந்தது. முந்திய நாள் ஏற்றிய தேங்காய் எண்ணெய் குழாயில் தங்கிவிட்டதோ என்று வெறும் ஹெக்சேனை ஏற்றிப் பார்த்தேன். ஒரு முனையும் இல்லை, கோடு தரையோடு படுத்திருந்தது. குப்பியிலிருந்து இன்னொரு சொட்டு எடுத்து ஏற்றினேன். அதே படம். பால் கொழுப்பில் மட்டுமே இருக்கும் நான்கு கார்பன் பியூற்றிரிக் அமிலமோ குறைந்துபோய்க் கிடந்தது. பாலைத் தண்ணீர் விட்டுக் குறைத்தது போல, நெய்யை எண்ணெய் விட்டுக் குறைத்தால் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் பொறுப்பதிகாரி, நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "இதில யோசிக்க என்ன இருக்கு பிள்ளை? எழுதிக் குடுங்கோ."

எழுதினேன். தாவர எண்ணெய் கலப்பு உள்ளது.

இரண்டு நாள் கழித்து ராத்தா வந்தார். காகிதத்தைக் கையில் வாங்காமல், "வாசிங்க மிஸ்" என்றார். வாசித்தேன். அவர் கொஞ்ச நேரம் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட மெசின் என்ட குசினிக்குள்ள வந்து பாத்ததா?"

"இல்லை ராத்தா. நெய்யைப் பாத்தது."

"நெய் அப்பிடிச் சொல்லிச்சா?"

"ஓம்."

"அப்ப நெய்யும் பொய் சொல்லுது" என்று எழும்பினார். காகிதத்தை எடுக்கவில்லை. சின்னப் போத்தலையும் கேட்கவில்லை. நான் கொடுக்க எழும்புவதற்குள் படியிறங்கிவிட்டார்.

அந்தப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வைத்திருப்பதா, கொட்டுவதா என்று தெரியவில்லை. துறைமுகத்தில் பாரம்தூக்கி இயக்குகிற என் கணவர் அதைச் சோற்றில் போட்டுப் பிசைந்து, "நல்ல நெய்தானே" என்றார்.

"தேங்காய் மணக்கேல்லையா?"

"எங்கட வீட்டில எதுதான் தேங்காய் மணக்காது? நீர் கேட்ட பிறகு மணக்கிற மாதிரியும் கிடக்கு."

நானும் சாப்பிட்டேன். காலையில் சம்பல், மத்தியானம் பால்கறி, தலைக்கு எண்ணெய் என்று பிறந்ததிலிருந்து தேங்காய்க்குள்ளேயே இருக்கிறவள் நான். என் மூக்கை நம்பி எதைச் சொல்வது? நாக்கு நெய் என்றது. படம் தேங்காய் என்றது. அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தால் நாக்கின் பக்கம் சாய்ந்தேன், திரையில் எழும்பிய முனையை நினைத்தால் படத்தின் பக்கம்.

அடுத்த கிழமை வேலை குறைந்த ஒரு காலையில், நானே ஒரு கலப்படம் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. மூதூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கண்ணுக்கு முன்னால் உருக்கித் தந்த எருமை நெய்யை எடுத்தேன். பத்துப் பங்கில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் விட்டுக் கலந்தேன். ராத்தாவின் நெய்யில் மிச்சமிருந்ததையும் புதிதாகத் தயார்செய்து, இரண்டையும் அடுத்தடுத்து ஏற்றினேன்.

என் கலப்படத்தில் லோரிக் உயர்ந்திருந்தது, சரி. அதோடு எட்டும் பத்தும் கார்பன் உள்ள குட்டை அமிலங்களும் உயர்ந்திருந்தன. தேங்காய் வந்தால் தனியே வராது, அந்த இரண்டையும் கூட்டிக்கொண்டுதான் வரும். ராத்தாவின் நெய்யில் பன்னிரண்டும் பதினான்கும் நிமிர்ந்து நிற்க, எட்டும் பத்தும் ஒன்றும் அறியாதவை போல இருந்த இடத்திலேயே இருந்தன. பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். அன்றைக்கு நான் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. குறைந்து கிடந்த பியூற்றிரிக் இன்றைக்கு ராத்தாவின் நெய்யில் குறையாமல் இருந்தது. ஒரே போத்தல், ஒரே நெய், போன கிழமை ஒன்று, இந்தக் கிழமை இன்னொன்று. கொப்பியைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: கரண்ட் இல்லை, இரண்டு மணித்தியாலம். ஹெக்சேன் குறைந்தது, மேலே விட்டு நிரப்பினேன்.

குப்பிகளின் மூடியை இறுக்காமல் விட்டிருக்கிறேன். அந்த வெக்கையில் ஹெக்சேனோடு சேர்ந்து, பாரமில்லாத அந்த நான்கு கார்பன்காரனும் பறந்துபோயிருக்கிறான். நான் ஹெக்சேனை நிரப்பினேன், அவனை நிரப்பவில்லை. ஒரே குப்பியிலிருந்து இரண்டு சொட்டு எடுத்ததை இரண்டு பரிசோதனை என்று நினைத்துவிட்டேன்.

சேரிடம் போனேன். அவர் இரண்டு படங்களையும் நீள நேரம் பார்த்தார்.

"அப்ப லோரிக் எங்கையிருந்து வந்தது?"

"தெரியேல்லை சேர்."

"கலந்திருக்கா, இல்லையா?"

"அதுவும் தெரியேல்லை."

"நீங்கள் நல்லாக் குழம்பிப் போனீங்கள். குழம்பின ஆள் புது அறிக்கை எழுத ஏலாது. பழையது அப்பிடியே கிடக்கட்டும்."

பழையதை எழுதிய அன்று நான் குழம்பவில்லை, அதுதான் பிழை என்று சொல்ல நினைத்தேன். படங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை பஸ் எடுத்துப் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. நெய்க்கார வீடு எது என்று கேட்டதும் கடைக்காரர் ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். அந்தச் சிரிப்பில் என் அறிக்கைக்கும் பங்கு இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ராத்தாதான் காகிதத்தை எடுக்கவேயில்லையே. ஆனாலும் கதை எந்த வழியால் போகும் என்று யார் கண்டது?

ராத்தா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "மெசினையும் கூட்டி வந்த நீங்களா?"

"இல்லை ராத்தா. நான் மட்டும்தான் வந்தனான். நான் ஒரு பிழை விட்டிட்டன்."

அவர் திரும்பி உள்ளே போனார். வரச்சொல்கிறாரா, போகச்சொல்கிறாரா என்று விளங்காமல் நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெயிலுக்க நிக்காம வாங்க."

அன்று முழுக்க அவரது குசினியில் இருந்தேன். தயிர் கடைந்தது, வெண்ணெய் திரண்டது, அதைக் கழுவித் தாச்சியில் போட்டு உருக்கியது எல்லாம் பார்த்தேன். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. இறக்கவேயில்லை. நெய் பொன்னிறமாகத் தெளிந்தபோது எனக்கு இன்னும் குழப்பம் கூடியது. இதில் தேங்காய் எங்கே, எப்படி நுழையும்?

பின்னேரம் அவரது கணவர் பட்டியிலிருந்து வந்தார். மெலிந்த, கதை குறைந்த மனிதர். மாடுகள் எங்கே மேய்கின்றன என்று சும்மா கேட்டேன்.

"மேய எங்க புல்லு? எல்லாம் காய்ஞ்சு போச்சு. சேனைப் பயிர்ப் பக்கம் போகவும் விடுறாங்க இல்ல. ரெண்டு மாசமா வைக்கோலும் புண்ணாக்கும்தான்."

"என்ன புண்ணாக்கு?"

"தேங்காப் புண்ணாக்கு. செக்குல ஆட்டினது. நல்லாப் பிழிய மாட்டான், கையில எடுத்தா எண்ணெய் ஒட்டும். மாடு விரும்பித் தின்னும்."

நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா என்னைப் பார்த்தார்.

"நீங்க இதச் சொல்லேல்லையே ராத்தா."

"நீங்க கேக்கல்லையே. நெய்க்குள்ள என்ன போட்ட எண்டுதானே கேட்டீங்க. மாட்டுக்குள்ள என்ன போட்ட எண்டு கேட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மாடு தின்ற கொழுப்பில் பன்னிரண்டும் பதினான்கும் பாலுக்குள் வரலாம், எட்டையும் பத்தையும் மாட்டின் உடம்பே எரித்துவிடும் என்று எங்கோ வாசித்த ஞாபகம் மெல்ல வந்தது. நிச்சயமில்லை. ராத்தாவுக்கு அதை விளங்கப்படுத்தப் பார்த்தேன். மாடு தேங்காய்க் கொழுப்பைக் கழற்றி, தன் மடியில் வைத்துத் திரும்பக் கோத்துத் தருகிறது என்றேன்.

"அப்ப என்ட நெய்யில தேங்கா இரிக்கா, இல்லையா?"

"இருக்கு... ஆனால் அது தேங்காய் இல்லை."

"மிஸ், நீங்க என்னையும் குழப்புறீங்க."

"எனக்கே விளங்கேல்லை ராத்தா. இயந்திரத்தில போட முந்தி நாங்கள் எல்லாத்தையும் கழற்றிப்போடுறம். எது எதோட சேர்ந்து தொங்கினது எண்டு அதுக்குப் பிறகு தெரியாது. மாடு கோத்ததா, மனிசர் ஊத்தினதா எண்டு சொல்ல ஏலாது."

அவரது கணவர் வாசலில் இருந்துகொண்டு சொன்னார். "ரெண்டு மாட்டுக்குப் புண்ணாக்க நிப்பாட்டிப் பாத்தா என்ன?"

பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிற எனக்கு அது தோன்றவில்லை.

அப்படியே செய்தார்கள். இரண்டு எருமைகளைத் தனியே கட்டி, வாய்க்கால் ஓரத்தில் அரிந்த புல்லும் வைக்கோலும் மட்டும் கொடுத்தார்கள். பால் குறைந்தது. மாடுகள் புண்ணாக்கு வாளியைப் பார்த்துக் கத்துகின்றன என்று ராத்தா போனில் சொன்னார். மூன்று கிழமை கழித்து, அந்த இரண்டின் நெய்யை ஒரு போத்தலிலும் மற்றவற்றின் நெய்யை இன்னொன்றிலும் கொண்டுவந்தார். ஒரு போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல்.

"சிவப்பு எது ராத்தா?"

"சிவப்பு... புண்ணாக்கு இல்லாதது." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, இவர்தான் கட்டின. புண்ணாக்குத் தின்னுறதுக்குத்தான் கட்டின எண்டு நினைக்கிறன்."

போன் எடுத்தார். அந்தப் பக்கம் கணவர் நூல் கட்டியது ராத்தாதான் என்றார். இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். நான் இரண்டையும் இயந்திரத்தில் போட்டேன். ஒன்றில் லோரிக் உயரம், மற்றதில் குறைவு. குறைந்தது புல் தின்றதாகத்தான் இருக்கும் என்று எழுதப்போன பேனா நின்றுவிட்டது. எது எது என்று இயந்திரத்தைக் கேட்டு முடிவுசெய்துவிட்டு, பிறகு அதையே இயந்திரத்துக்குச் சாட்சியாக வைக்க ஏலுமா? அதை ராத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். அவருக்கு உடனே விளங்கியது.

"அது கள்ளன்ட வாயாலயே சாட்சி சொல்ல வைக்கிற மாதிரி. வேணாம் மிஸ். திரும்பச் செய்வம்."

"இன்னும் ஒரு கிழமை மாட்டுக்குப் புண்ணாக்கு இல்லாமலா?"

"கத்தட்டும்."

அடுத்த முறை போத்தல்களில் காகிதம் ஒட்டி, பேனாவால் எழுதி, அதன் மேல் பிளாஸ்ரரும் சுற்றிக் கொண்டுவந்தார். ஒன்றில் "புல்லு", மற்றதில் "புண்ணாக்கு". இந்த முறை சேரும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். குப்பி மூடிகளை நானே இறுக்கினேன், அவர் இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தார். புல் நெய்யில் லோரிக் நன்றாக இறங்கியிருந்தது. புண்ணாக்கு நெய்யில் பழையபடி உயரம். எட்டும் பத்தும் இரண்டிலும் ஒரே மாதிரி. பியூற்றிரிக் இரண்டிலும் குறையவில்லை.

ஆனால் புல் நெய்யிலும் லோரிக் என் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறங்கவில்லை. கொஞ்சம் மேலேதான் நின்றது.

"இது ஏன்?" என்றார் சேர்.

"தெரியேல்லை சேர். மாட்டின்ர உடம்பில பழைய கொழுப்பு இருந்திருக்கலாம். புத்தகத்தில உள்ள மாடு வேற நாட்டு மாடு."

"இருந்திருக்கலாம் எண்டு அறிக்கையில எழுதப்போறீங்களோ?"

"ஓம் சேர். எழுதத்தான் போறன்."

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பழைய அறிக்கையின் பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்து, குறுக்கே கோடு கிழித்து, "இதுக்கு நானும்தானே கையெழுத்து வைச்சனான்" என்றார்.

புது அறிக்கை ஒரு வரியில் முடியவில்லை. எண்ணெய் ஊற்றிக் கலந்ததற்கான அடையாளம் காணப்படவில்லை என்றும், உயர்ந்திருந்த அமிலங்கள் தீவனத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்றும், எங்கள் முறையால் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றும், முந்தைய அறிக்கை எங்கள் கையாளல் பிழையோடு எழுதப்பட்டது என்றும் முக்கால் பக்கம்.

ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீளமா இரிக்கே. சுத்தம் எண்டு ஒரு சொல்லு இல்லையா?"

"அந்தச் சொல்லை எழுத எனக்கு ஏலாது ராத்தா."

"ஆக்கள் இவ்வளவும் வாசிப்பாங்களா?"

"தெரியேல்லை."

விடுதிக்காரர்கள் வாசிக்கவில்லை. அவர்கள் ஏற்கனவே கடையில் வாங்கும் பக்கெட் நெய்க்கு மாறியிருந்தார்கள். கிண்ணியாவில் ராத்தா அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நெய்ப் போத்தல்களுக்கு மேலே மாட்டினார். ஆக்கள் அதை நின்று பார்க்கிறார்கள், பாதியில் விட்டுவிட்டு, "அப்ப கலப்படமா, இல்லையா?" என்று கேட்கிறார்கள் என்றார். கேட்பது அவருக்குச் சந்தோசமாக இருந்தது. "கேட்டாச் சொல்லலாம்தானே. மாடு என்ன தின்ன எண்டதில இருந்து தொடங்குவன். நீங்க சொன்ன மாதிரியே தண்டு, மூணு அமிலம் எல்லாம் சொல்லுவன். சொல்லி முடியுமுன்ன அவங்க நெய்ய வாங்கிட்டுப் போயிருவாங்க."

ஐப்பசியில் மழை தொடங்கியது. புல் வந்ததும் இன்னொரு போத்தல் கொண்டுவருகிறேன், அந்த மிச்ச லோரிக் இறங்குகிறதா என்று பார்ப்போம் என்று ராத்தா சொல்லியிருந்தார். கார்த்திகையும் போனது. நான் போன் எடுத்தேன்.

"மறந்தே போயிட்டன் பிள்ளை" என்றார். மிஸ் எப்போது பிள்ளை ஆனது என்று நான் கவனிக்கவில்லை. "ரெண்டு எருமை கண்டுக்குட்டி போட்டிரிக்கு. பாலெல்லாம் கண்டுக்குத்தான். நெய் உருக்கிற இல்ல."

"அப்ப அந்த லோரிக்?"

"அது இரிக்கட்டும்" என்றார் ராத்தா. "கண்டுகளப் பாக்க வாங்க."